செல்லாயியின் தூக்கும் கோஷர் என்ற சொல்லும்

கடலூர் முதுநகர்
4.8.2025

அன்பு மச்சான் திருநாவுக்கரசுக்கு,

மாமா சாமிக்கண்ணு எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இந்தத் தாளில் முதல் பக்கத்தை முடிக்க நேற்று சாயங்காலமும் இன்று காலையும் ஆகிவிட்டது. ஆகட்டும். எழுபது வயது வரை எழுதாமல் இருந்தவனுக்கு இப்போது என்ன அவசரம்?

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். போன வாரமும் அப்படித்தான் செய்தாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கோபத்தில் கீழே வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும்.

உன் மகள் இளமதியிடம் கொடுத்தனுப்பலாமே என்று உன் அக்கா செல்லாயி சொன்னாள். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் முந்திரி கம்பெனி ஆபீசுக்கு வருகிற பெண்தானே. நான் முடியாது என்றுவிட்டேன். தபால்தலை ஒட்டித்தான் அனுப்புவேன். நீயும் தபாலில்தான் பதில் போட வேண்டும். தபால்காரர் என் வீட்டு வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அது வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் வாட்ச்மேனாக நிற்கிற கேட்டின் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டினார்கள். காலையில் வேலைக்கு வந்த பெண்களை நிறுத்தி, "நான் படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க" என்றேன். விரலை வைத்துக்கொண்டு படித்தேன். "இது கோ" என்று வந்ததும் நின்றுவிட்டேன். அடுத்த எழுத்தை நான் பார்த்ததே இல்லை. சாயங்கால வகுப்பில் ரேகா டீச்சர் அதை இன்னும் சொல்லித்தரவில்லை. "அது ஷ, அண்ணே" என்றாள் ஆசியா உம்மாள். முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கிற இடத்தில் உன் அக்காவின் பக்கத்தில் உட்காருகிறவள். பிறகு மீதியை வேகமாகப் படித்துவிட்டேன். "இது கோஷர் கம்பெனி. கறி, மீன், முட்டை, கருவாடு உள்ளே கொண்டு வரக் கூடாது."

பெண்கள் கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உன் அக்கா மட்டும் தன் கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தாள். அப்போதுதான் நான் என்ன படித்தேன் என்பது எனக்கே புரிந்தது. அவள் தூக்கில் கருவாட்டுக் குழம்பு இருந்தது.

மேனேஜர் செம்பியனிடம் கேட்டேன்.

"கோஷர்னா என்னா சார்?"

"யூதருங்க சாப்பாட்டு ரூல், பெரியவரே. சுத்தம். சைவம். நம்ம வடலூர்ல எப்படி, அப்படின்னு வச்சுக்கங்க. அந்த முத்திரை இருந்தாத்தான் வெளிநாட்டுக்காரன் நம்ம பருப்ப வாங்குவான். அதைப் பாத்துக் குடுக்குற ஆளு பம்பாயிலேர்ந்து வரப்போறாரு."

உன் அக்கா அன்றைக்கு வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டாள். கை கழுவும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் உரிச்ச பருப்ப அவன் தின்னுவான், நான் தின்னுற சோறு அவனுக்கு ஆவாதா?"

அதை உன்னிடமே கேட்கிறேன். நீ கப்பலில் சமையல்காரனாக ஊர் ஊராகப் போனவன். வெள்ளைக்காரனோடு இங்கிலீஷில் சண்டை போட்டவன். அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் என்ன என்று எழுது. பெரிய எழுத்தாக எழுது.

மாமா
சாமிக்கண்ணு


சிதம்பரம்
9.8.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "ஷ" அழகாக வந்திருக்கிறது. "ழ"தான் மாடு மிதித்தது போல இருக்கிறது. போனைப் பாதியில் வைத்தது உண்மை. நீங்கள் எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்துப் பேசினால் நான் வேறு என்ன செய்வேன்?

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கோஷர் என்பது யூதர்களுடைய எபிரேய மொழிச் சொல். தகுந்தது, ஏற்றது என்று பொருள். எதைச் சாப்பிடலாம், எதை எப்படிச் சமைக்கலாம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் முறை அது. அது சைவம் இல்லை. ஆடும் மாடும் சாப்பிடுவார்கள், அவர்கள் முறைப்படி அறுத்திருக்க வேண்டும். பன்றி ஆகாது. கறியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டார்கள். துடுப்பும் செதிலும் உள்ள மீன் ஆகும். இறாலும் நண்டும் ஆகாது. என் கப்பலில் அப்படி ஒரு இன்ஜினியர் இருந்தார். என் பாத்திரங்களைத் தொடவே மாட்டார். தனக்கென்று ஒரு வாணலி வைத்திருந்தார். எனக்கு முதலில் ரோஷமாக இருந்தது. ஒருநாள் அந்த வாணலியில் அவரே மீன் பொரித்துப் பாதியை என் தட்டில் வைத்தார். நன்றாகவே இருந்தது. உப்புதான் குறைவு.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்கத் துறைமுகங்களில் கோஷர் உப்பு என்று டப்பாவில் ஏற்றுவார்கள். நானும் என்னவோ என்று திறந்தேன். நம் ஊர்க் கல் உப்பு மாதிரி பருமனான உப்புதான். கறியில் இருக்கும் ரத்தத்தை இழுக்கப் போடுவதால் அந்தப் பெயர்.

இங்கிலீஷ்காரர்கள் வாயில் அந்தச் சொல் சமையல்கட்டை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. எங்கள் சீஃப் ஆபீசர் யூதர் இல்லை. தினமும் காலையில் பன்றிக்கறி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. துறைமுகத்தில் எவனாவது லஞ்சம் கேட்டால், அந்தப் பன்றிக்கறியை மென்றுகொண்டே, "இது கோஷர் இல்லை" என்பார். முறை இல்லை, நேர்மை இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பாக வரும்.

இதையெல்லாம் ஏன்தான் எழுதினேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு செம்பியன் முன்னால் போய் நிற்காதீர்கள். உங்களையும் அக்காவையும் அங்கே சேர்த்துவிட்டவன் நான். இளமதிக்கு இந்த மாதத்தோடு சோதனைக் காலம் முடிகிறது. அதன் பிறகுதான் வேலை நிரந்தரம். அவள் படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை இது. அந்த போர்டு வாசகத்தை டைப் அடித்துக் கொடுத்தவளே அவள்தான், தெரியுமா?

அக்காவைக் கொஞ்ச நாளைக்கு சாம்பார் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சாம்பார் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை.

திருநாவுக்கரசு


கடலூர் முதுநகர்
17.8.2025

அன்பு மச்சானுக்கு,

தபால்காரர் கூப்பிட்டார்! "சாமிக்கண்ணு யாருங்க?" என்றார். தெரு முழுவதும் கேட்கட்டும் என்று நான் உடனே போகாமல் உள்ளேயே நின்றேன். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் போனேன்.

உன் கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சாம்பார் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "கப்பல்ல போயி ஒலகத்தையே தின்னுட்டு வந்தவன் எனக்கு சாம்பார் சொல்றானா?" என்றாள். நீ போன் செய்தால் எடுக்க மாட்டாள். சொல்லிவிட்டேன்.

நீ போகாதே என்று எழுதியிருந்தாய். நான் போனேன். கடிதத்தைக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். "சார், செதில் இருக்கிற மீனு அவுங்களுக்கு ஆவுமாம்" என்றேன். செம்பியன் சிரித்தார். "பெரியவரே, இப்பத்தான் அ ஆ படிக்கிறீங்க. அதுக்குள்ள எனக்கு கோஷர் சொல்லித்தர்றீங்களா?" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை.

"நாளையிலேர்ந்து கேட்டுல நின்னு எல்லார் தூக்கையும் தொறந்து பாருங்க. தொறக்க மாட்டேன்னா மோந்து பாருங்க."

"அடுத்தவங்க சோத்த மோந்து பாக்குற வேலைக்கு நான் வரலிங்க சார்" என்றேன்.

மறுநாள் அவரே வந்து நின்றார். ஆசியா உம்மாளின் தூக்கைத் திறக்கச் சொன்னார். மத்தி மீன் குழம்பு.

"கொட்டிட்டு உள்ள போம்மா."

"சார், எங்களுக்கு ஹலால் மாதிரி அவுங்களுக்கு ஒண்ணு. மீனு கூடாதுன்னு அவுங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"கொட்டுறியா, வூட்டுக்குப் போறியா?"

அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ரோட்டோரத்தில் கொட்டினாள். அழவில்லை. தூக்கைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். "நாய்க்கு ஆவும், எனக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சோறு எடுத்துக்கொண்டு வந்தவள் அன்று பசியோடு பருப்பு உரித்தாள். தின்கிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு.

அதற்கு அடுத்த நாள் செம்பியன் வருவதற்கு முன்பே நான் கேட்டை அகலத் திறந்து வைத்தேன். "யாரு தூக்கையும் யாரும் பாக்க மாட்டாங்க, போங்கம்மா" என்றேன். முதல் ஆளாக உன் அக்கா போனாள், கருவாட்டுக் குழம்போடு. கம்பெனி முழுவதும் மணந்தது. மத்தியானம் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அது கம்பெனி இடம் இல்லை, ரோட்டு இடம். சாப்பாட்டு மணி அடித்ததும் உன் அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். பின்னாலேயே ஆசியா உம்மாள். பிறகு ஒவ்வொருத்தராக. இப்போது தினமும் அங்கேதான் சாப்பிடுகிறோம். வெயில் சுடுகிறது. லாரி போனால் சோற்றில் புழுதி விழுகிறது. ஆனாலும் மச்சான், இவ்வளவு பேரோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டதே இல்லை.

உன் சொல்லைத் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறேன். முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். அப்புறம் ஷ. அப்புறம் புள்ளி வைத்த ர. தகுந்தது என்று அர்த்தமாம். எனக்குப் பிடித்திருக்கிறது.

மாமா
சாமிக்கண்ணு


சிதம்பரம்
21.8.2025

மாமா,

எதைச் செய்யாதீர்கள் என்று எழுதினேனோ அதையே செய்துவிட்டு, அதை எனக்கே நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

செம்பியன் இளமதியைக் கூப்பிட்டு, "உங்க மாமாவ நீ அடக்குறியா, நான் அடக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் பார்த்தால் சொந்த அத்தை ரோட்டோரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். உள்ளே மின்விசிறிக்குக் கீழே அவள் தயிர்சாதம் சாப்பிட வேண்டும். அது தொண்டையில் இறங்குமா? அதை நீங்கள் யோசித்தீர்களா?

உங்களுக்கு எழுத்து வந்த சந்தோஷத்தில் ஊரை எதிர்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் மகளுக்கு எழுத்து முன்பே வந்துவிட்டது. அவளுக்கு வேலை வேண்டும்.

பம்பாய்க்காரர் வந்து போகிற வரையாவது அந்த மரத்தடியைக் காலி செய்யுங்கள். முடியாது என்றால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

திருநாவுக்கரசு


கடலூர் முதுநகர்
31.8.2025

அன்பு மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்று நீ எழுதினாய். அதைப் படிக்கவும் எனக்குத் தெரிகிறது, மீறவும் தெரிகிறது.

பம்பாய்க்காரர் வந்தார். இளமதி உன்னிடம் என்ன சொன்னாளோ தெரியாது. என்னிடம் கேட்டால் நடந்தது இதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் கார் வந்தது. வெள்ளைத் தாடி, தலையில் சின்னத் தொப்பி, மேலே கோட்டு. இந்த வெயிலில் கோட்டு! கார் கேட்டுக்குள் போகவில்லை. மரத்தடியில் இத்தனை பெண்களைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லி இறங்கினார். செம்பியன் ஓடி வந்தார், பின்னால் இளமதி. அவர் இளமதியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இவர்கள் ஏன் இங்கே சாப்பிடுகிறார்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

செம்பியன் அவள் பக்கம் குனிந்து, "காத்தாட வெளிய சாப்புடுறாங்க, அவுங்களுக்கு அதான் புடிக்கும்னு சொல்லும்மா" என்றார்.

இளமதி என்னைப் பார்த்தாள்.

மச்சான், நான் என்ன சொன்னேன் என்று நீ நினைப்பாய், எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லவில்லை. "நீ அவர் சொன்னதையே சொல்லு பாப்பா. ஒனக்கு வேலை வேணும். நாங்க இங்கியேதான் ஒக்காந்திருப்போம், வந்தவரே பாத்துத் தெரிஞ்சிக்குவாரு" என்றேன்.

அவள் திரும்பினாள். பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. உன் அக்கா என் தொடையில் இடித்தாள். அவளுக்கும் விழுந்திருக்கிறது.

பம்பாய்ப் பெரியவர் தாடியைத் தடவினார். ஆசியா உம்மாளின் தூக்கைக் கை நீட்டிக் காட்டி என்ன மீன் என்று கேட்டார். "மத்தி" என்றாள். அவளே ஒரு துண்டு எடுத்துக்காட்டி, "செதிலு உண்டு சார், ஒரசிட்டுத்தான் ஆய்ஞ்சேன். சாப்புடுறீங்களா?" என்றாள். அவர் சிரித்தார். மீன் ஆகுமாம், ஆனால் அவள் சட்டி அவருக்கு ஆகாதாம். மன்னிக்கச் சொன்னார். "அதுக்கென்ன சார், நாங்களும் கண்ட கறியில கை வைக்க மாட்டோம்" என்றாள் ஆசியா உம்மாள். இளமதி அதையும் சொன்னாள். உன் அக்கா ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். அதை நின்றபடியே உரித்துச் சாப்பிட்டார்.

பிறகு செம்பியனிடம் அவர் சொன்னதை இளமதி எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள். அவர் பார்ப்பது எண்ணெய், வறுக்கிற இடம், மூட்டைக்குள் போகிற பொருள். சாப்பாடு மிஷின் பக்கம் வரக் கூடாது, கையைக் கழுவ வேண்டும். அதற்கு மேல் யார் எங்கே எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது அவர் கேட்கிற விஷயம் இல்லை. இதைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். முத்திரை கொடுப்பாரா இல்லையா என்பதை எழுதி அனுப்புவாராம்.

சண்டை முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு இன்னும் உலகம் தெரியவில்லை.

கார் போன பிறகு செம்பியன் கேட்டருகே நின்று சொன்னார். "அவரு சொல்லிட்டாப்போல ஆச்சா? கோஷரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. என் கம்பெனிக்குள்ள மீனு வரக் கூடாதுன்னா வரக் கூடாது."

உன் அக்கா எழுந்து முந்தானையை உதறினாள். இத்தனை நாளும் அவள் யாரிடமும் குரல் உயர்த்தவில்லை.

"இத்தினி நாளு யாரோ ஊர் பேர் தெரியாத ஆளு சொன்னாருன்னு சொன்னீங்க. இப்ப நீங்களே சொல்றீங்க. நல்லதாப் போச்சு சார். ஒங்ககிட்டயே பேசிக்கிறோம். சாப்புட நெழலு குடுங்க. அதுவரிக்கும் ஒரு பருப்பு உரிக்க மாட்டோம்."

மணி அடித்தது. ஒருத்தியும் எழவில்லை. திரும்பவும் அடித்தார்கள். ஆசியா உம்மாள் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். சாயங்காலம் வரை அப்படியே இருந்தோம். மறுநாளும் இருந்தோம். உள்ளே வறுத்த பருப்பு தோலோடு கிடந்தது. ஈரம் ஏறினால் தோல் வராது, உனக்குத் தெரியும். முதலாளி சென்னையிலிருந்து போன் செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பழைய குடோன் ஓரத்தில் தகரக் கொட்டகை இருக்கிறதே, அதை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். மிஷின்களுக்கும் அதற்கும் நல்ல தூரம். அதில் யார் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

முதல் நாளே ஆசியா உம்மாள் இறால் தொக்கு கொண்டு வந்தாள். "இது அவருக்கு ஆவாதுல்ல?" என்று கேட்டேன். "அவரு சாப்புட வேணாம்ணே. யாரு கூப்ட்டா?" என்றாள்.

என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. கேட்டில் வேறு ஆள் நிற்கிறான், சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போக என்னை விட்டுவிடுகிறான். நிற்கட்டும்.

மாமா
சாமிக்கண்ணு


சிதம்பரம்
6.9.2025

மாமாவுக்கு,

இளமதியின் வேலை நிரந்தரம் ஆகவில்லை. "வேற எடம் பாத்துக்கம்மா" என்று செம்பியன் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் அவளிடம் "அவர் சொன்னதையே சொல்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவளும் என்னிடம் அப்படித்தான் சொன்னாள். நீங்கள் அப்படிச் சொன்னதால்தான் அவளால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லையாம். இதற்கு நான் யார் மேல் கோபப்படுவது?

அன்று என்ன பேசினாய் என்று கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தாள். பிறகு அந்த இங்கிலீஷை அப்படியே பேசிக் காட்டினாள். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "போர்டை எழுதியது நான்தான், சார். உங்கள் மதத்தின் பெயரைச் சொல்லி இவர்கள் சோற்றைத் தெருவில் கொட்ட வைத்தோம். உங்களைக் கேட்காமலே செய்தோம். இது கோஷர் இல்லை."

எங்கள் சீஃப் ஆபீசர் கேட்டிருந்தால் பன்றிக்கறியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றிருப்பார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அவள் நன்றாகச் சாப்பிட்டாள். வேலை போனவள் மாதிரியே இல்லை. விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாது.

அக்கா இன்னும் என் போனை எடுக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

திருநாவுக்கரசு


கடலூர் முதுநகர்
10.9.2025

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இளமதி பேசிய இடத்தை மட்டும் அதற்கு மேலும் படித்தேன். உன் அக்கா கேட்டாள், ஆசியா உம்மாள் கேட்டாள், கொட்டகையில் எல்லாரும் கேட்டார்கள். ரேகா டீச்சர் வகுப்பிலும் எழுந்து நின்று படித்தேன். பலகையில் அந்தச் சொல்லை நானே எழுதினேன்.

அவள் வேலையை என்னால் திருப்பித் தர முடியாது. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் நடந்ததற்கு வருத்தப்படு என்று நீ சொன்னால், மாட்டேன். நாளைக்கே இன்னொரு செம்பியன் வந்தாலும் அந்த மரத்தடியில் முதல் ஆளாக உட்காருவேன்.

கணக்கு முடிக்க வந்த அன்று இளமதி ஆபீஸில் சாப்பிடவில்லை. கொட்டகைக்கு வந்து அத்தை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்பு காரம் தாங்காமல் மூக்கில் தண்ணீர் வந்தது. நிறுத்தவில்லை.

உன் அக்கா உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் இப்போதும் சொல்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மீன்காரியிடம் சுறா சொல்லி வைத்திருக்கிறாள். புட்டு செய்யப்போகிறாள். யாருக்கு என்று கேட்டால் முறைக்கிறாள்.

பம்பாய்ப் பெரியவர் கணக்கில் சுறா ஆகாது என்று இளமதி சொன்னாள். இந்த வீட்டில் ஆகும். காலைப் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்.

மாமா
சாமிக்கண்ணு